ரஷ்ய எழுத்துக்கூட்டல்: எங்கே விதி, எங்கே மனப்பாடம்

ரஷ்ய மொழியின் 33 எழுத்துகளையும் ஒரு வாரத்தில் படித்துவிடலாம். கடைப் பலகைகளை வாசிக்கலாம், மெட்ரோ நிலையங்களின் பெயர்களைக் கூட்டிப் படிக்கலாம். தொல்லை எழுத உட்காரும்போதுதான் தொடங்குகிறது. ஆசிரியை 'மலக்கோ' (பால்) என்கிறார். காதில் விழுந்தபடியே ஆ போட்டு எழுதினால் சிவப்பு மை. எழுத வேண்டியது 'மொலொக்கோ'. அடுத்த சொல் 'யெவோ' (அவனுடைய). அதில் வ ஒலிக்கும் இடத்தில் க எழுத வேண்டுமாம். சரி, இதற்கெல்லாம் கணக்கு உண்டா இல்லையா என்று மருத்துவம் படிக்கப் போகிறவர்களும் சென்னையிலேயே ரஷ்யன் வகுப்புக்குப் போகிறவர்களும் முதல் மாதத்தில் கேட்பார்கள்.

முக்கால்வாசிக்குக் கணக்கு உண்டு. அதைப் பிடிக்க நம் புணர்ச்சி இலக்கணம் உதவும். 'பல்' என்பதோடு 'கள்' சேர்த்தால் 'பற்கள்' என்று எழுதுகிறோம். 'மரம்' 'மரங்கள்' ஆகிறது. ஒலி மாறினால் எழுத்தையும் மாற்றிவிடுவது நம் வழக்கம். ரஷ்ய எழுத்து இதற்கு நேர் எதிர். அந்த முறையில் 'பல்கள்' என்று எழுதிவிட்டு 'பற்கள்' என்று வாசிப்பார்கள். சொல்லின் வேர் எப்போதும் ஒரே முகத்தோடு இருக்க வேண்டும், மாற்றமெல்லாம் வாயோடு போகட்டும் என்பதுதான் அங்கே அடிப்படை. ஆகவே ரஷ்யச் சொல்லை எழுதும்போது காதைக் கேட்காதீர்கள், வேரைத் தேடுங்கள்.

முதலில் பெயர்கள்

எழுத்துகளைத் தமிழிலேயே குறிக்கப்போகிறேன், அதற்குச் சில ஏற்பாடுகள். ரஷ்யத்தில் அதிரும் ஒலிக்கும் அதிராத ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். அதனால் 'தலை'யில் வரும் த, 'பந்து'வில் வரும் த என்றும், 'கல்' க, 'தங்க' க என்றும் சொல்கிறேன். ஸகரத்திலும் இரண்டு: சாதாரணமானது 'எஸ்', அதிர்வது 'ஸே'. 'ஷா' தெரிந்த ஒலிதான். அதை அதிர வைத்தால் 'ஜே'.

உயிர்களில் ஒன்று நமக்குப் புதிது போலத் தோன்றும். பேச்சில் 'வந்து', 'பாக்கு' என்று முடிக்கும்போது உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, ஏறக்குறைய அந்த இடத்தில் பிறக்கும் ஒலி. அதை 'வன் இ' என்றும், சாதாரண இகரத்தை 'மென் இ' என்றும் வைத்துக்கொள்வோம். ஒலியே இல்லாத இரண்டு குறிகளும் உண்டு: வன்குறி, மென்குறி.

படி 1: அழுத்தம் இல்லாமல் சொல்லை ஏற்காதீர்கள்

ரஷ்யச் சொல்லில் ஏதாவது ஓர் அசை ஓங்கி ஒலிக்கும். எந்த அசை என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு. தாளில் இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே. அகராதியிலும் பாலபாடத்திலும் அழுத்தக் கோடு போட்டிருப்பார்கள், செய்தித்தாளில் போடமாட்டார்கள்.

எழுத்துக்கூட்டலின் பாதி இதில் அடங்கியிருக்கிறது. அழுத்தம் விழும் உயிர் மட்டும்தான் உள்ளபடி ஒலிக்கும். மற்றவை மங்கிவிடும்: ஓ மங்கினால் ஆ, யே மங்கினால் இ போலக் கேட்கும். எனவே புதிய சொல்லை நோட்டில் ஏற்றும்போதே அழுத்தக் கோட்டையும் போடுங்கள். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் போட்டதே இல்லை.

படி 2: சோதனைச் சொல்லைத் தேடுங்கள்

உயிர் மங்கலாக இருக்கிறதா? அதே வேரில், அதே இடத்தில் அழுத்தம் விழும் இன்னொரு சொல்லைக் கண்டுபிடியுங்கள். ரஷ்யப் பள்ளிகளில் இதைச் சோதனைச் சொல் என்கிறார்கள், முதல் வகுப்புகளிலிருந்தே பழக்குகிறார்கள்.

தண்ணீர் 'வதா' என்று ஒலிக்கும். பன்மை 'வோதி'. பன்மையில் ஓ தெளிவாகக் கேட்கிறது, ஆகவே ஒருமையிலும் ஓ. புல் 'த்ரவா'. பன்மை 'த்ராவி', ஆகவே இங்கே ஆ. மலை 'கரா', பன்மை 'கோரி', மறுபடி ஓ. பெயர்ச்சொல்லாக இருந்தால் ஒருமையையும் பன்மையையும் மாற்றிச் சொல்லிப் பார்ப்பதே பெரும்பாலும் போதும்.

இந்த வேலையின் பயன் 'லிஸா' என்ற ஒலியில் தெரியும். நரியும் 'லிஸா', காடுகளும் ஏறக்குறைய 'லிஸா'. நரியின் பன்மை 'லீஸி', எனவே அதில் மென் இ. காட்டின் ஒருமை 'லியெஸ்', எனவே அதில் யே. காதால் பிரிக்க முடியாத இரண்டை எழுத்து பிரித்துவிடுகிறது. வாசிப்பவருக்கு இது பெரிய வசதி. எழுதுகிறவர்தான் பாவம்.

ஒரு பள்ளம் இருக்கிறது, எச்சரிக்கை. 'தாமதமாக வருதல்' என்பதற்கு 'அபஸ்தாத்' என்று ஒரு வினை. நடுவிலிருப்பது ஓவா, ஆவா? அதன் இணை வினை 'அபாஸ்திவத்'தில் ஆ தெளிவாகக் கேட்கும், அதை நம்பி ஆ போட்டால் தப்பு. இப்படி 'இவத்' என்று முடியும் வினைகளில் வேரின் உயிரே ஓவிலிருந்து ஆவாக மாறுவது உண்டு, அவற்றைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. சரியான சோதனைச் சொல் 'போஸ்ன' (தாமதமாக). ஆக ஓ.

அப்புறம், உயிர் மாறும் வேர்கள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு. அங்கே சோதனைச் சொல் செல்லாது, தனி விதி. 'வளர்தல்' வேரில் அடுத்து எஸ்ஸும் தலை-தவும் சேர்ந்து வந்தால் ஆ, எஸ் மட்டும் வந்தால் ஓ. இந்த விதியை மீறுபவற்றில் ஒன்று ரஸ்தோவ் நகரத்தின் பெயர், அதில் ஓதான். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வேர்கள் வரும். முதல் ஆறு மாதத்துக்கு அவற்றை எட்ட வைத்துவிடலாம்.

ரஷ்யத்தின் வட வட்டாரங்களில், வோலக்தா பக்கத்து ஊர்களில், வயதானவர்கள் ஓவை ஓவாகவே சொல்வது உண்டு. அக்கம்பக்கத்து பெலருசிய மொழியோ வாயில் வரும் ஆவையே தாளிலும் எழுதிவிடுகிறது, தண்ணீர் அங்கே எழுத்திலும் 'வதா'தான். மாஸ்கோ உச்சரிப்பும் வேர் காக்கும் எழுத்தும் சேர்ந்ததால் வந்த வம்பு இது.

படி 3: கடைசி மெய்க்குப் பின்னால் ஓர் உயிரைச் சேருங்கள்

சொல்லின் கடைசியில் அதிரும் மெய் வந்தால் ரஷ்யர்கள் அதை அதிராமல் முடிப்பார்கள். புல்வெளியும் 'லுக்', வெங்காயமும் 'லுக்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. ரஷ்யத்தில் முதலாவதன் முடிவில் தங்க-க, இரண்டாவதில் கல்-க. சோதிக்க, பின்னால் ஓர் உயிர் வரும்படி சொல்லை மாற்றுங்கள். புல்வெளிகள் 'லுகா'. 'வெங்காயத்தின்' என்பது 'லுக்கா'. க ஒற்றையாக நிற்பதும் இரட்டிப்பதும் நம் எழுத்திலேயே விடை சொல்லிவிடுகிறது.

கோர்பச்சேவ், குருஷ்சேவ் என்று நம் பத்திரிகைகள் எழுதிய பெயர்களையும் ரஷ்யர்கள் 'ஃப்' என்றே முடிப்பார்கள். எழுத்தில் இருப்பது வ. அந்தப் பெயர்களில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

படி 4: நடுவில் விழுங்கப்படும் மெய்கள்

மூன்று நான்கு மெய்கள் நெருங்கி வந்தால் ஒன்றை நாக்கு விழுங்கிவிடும். சூரியன் 'ஸோன்த்ஸெ' என்று கேட்கும். ஆனால் 'வெயிலான' என்பது 'ஸோல்னெச்னி'. லகரம் அதில் வெளிப்படுகிறது, ஆகவே சூரியனிலும் ல எழுத வேண்டும். வணக்கம் சொல்லும் 'ஸ்த்ராஸ்த்வுய்த்யெ'வில் முதல் ராவுக்குப் பின்னால் ஒரு வ ஒளிந்திருக்கிறது. தினமும் சொல்லும் சொல் என்பதால் அதை அப்படியே பாடம் பண்ணிவிடுங்கள்.

இதைக் கற்றதும் பலர் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். எங்கெல்லாம் 'ஸ்னி' கேட்கிறதோ அங்கெல்லாம் நடுவில் ஒரு த செருகுவது. 'நேர்மையான' என்பதில் த உண்டு, காரணம் 'நேர்மை' என்ற சொல்லில் அது கேட்கிறது. 'ருசியான' என்பதில் கிடையாது. 'ருசி' வெறும் 'ஃப்கூஸ்', எஸ்ஸோடு முடிந்துவிடுகிறது. செருகுவதற்கு முன் வேரைப் பாருங்கள்.

படி 5: புணர்ச்சியை எழுதிக் காட்டும் ஓர் இடம்

இவ்வளவு நேரம் ஒலி மாற்றத்தை எழுத்தில் காட்டமாட்டார்கள் என்றேன். ஒரே ஒரு குடும்பம் மட்டும் நம் வழிக்கு வருகிறது: ஸே அல்லது எஸ்ஸில் முடியும் முன்னொட்டுகள். 'இல்லாமல்' என்று பொருள் தரும் 'பியெஸ்', அடுத்து அதிராத மெய் வந்தால் எஸ், மற்றபடி ஸே. 'இலவசம்' என்ற 'பிஸ்ப்லாத்ன'வில் எஸ். 'பாதுகாப்பு' என்ற சொல்லில் ஸே. இங்கே மட்டும் தைரியமாகக் காதை நம்பலாம்.

ஆனால் எஸ் தனியாக முன்னொட்டாக வந்தால் எப்போதும் எஸ்தான். 'செய்து முடித்தல்' என்ற வினை 'ஸே'யில் தொடங்குவது போலக் கேட்கும், எழுதுவது எஸ். 'இங்கே', 'கட்டடம்', 'ஆரோக்கியம்' மூன்றும் நிஜமாகவே ஸேயில் தொடங்குகின்றன, இன்றைய எழுத்து விதியில் அவற்றில் முன்னொட்டு இல்லை. இந்த மூன்றையும் தனியே எழுதி வையுங்கள்.

படி 6: ஷா, ஜே கும்பல்

ரஷ்யக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த வாய்ப்பாடு ஒன்று: 'ஜி, ஷி' இரண்டையும் மென் இ போட்டு எழுது. கேட்பதென்னவோ வன் இ. 'மஷீனா' (கார்), 'ஜிஸ்ன்' (வாழ்க்கை) எல்லாம் இப்படித்தான். பல நூற்றாண்டுகளுக்கு முன்பு இந்த மெய்கள் மென்மையாக ஒலித்தன, அப்போது மென் இ பொருத்தமாக இருந்தது. பிறகு ஒலி கடினமாகிவிட்டது, எழுத்து அங்கேயே நின்றுவிட்டது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இதை இன்னும் அகலமாக்கிச் சொல்லித்தருவார்கள். தங்க-க, கல்-க, ஹா, ஜே, ஷா, ச்சே, ஷ்ஷா ஆகிய 7 எழுத்துகளுக்குப் பின் வன் இ வராது. பன்மை போடும்போது இது தினமும் தேவைப்படும். துர்க்கிய மொழிகளிலிருந்து வந்த பெயர்கள் இதற்குக் கட்டுப்படாது. ரஷ்யாவுக்குள் இருக்கும் துவா குடியரசின் தலைநகரம் கிஸில், அதில் கல்-கவுக்குப் பின் வன் இ.

ச்சே, ஷ்ஷா இரண்டுக்கும் பின் யா, யூ வராது. ஆ, ஊ மட்டுமே. தேநீர் 'ச்சாய்' என்பதில் யா போலக் கேட்டாலும் ஆ எழுதுங்கள். ஜே, ஷா பின்னாலும் யூ வராது, ஆனால் நடுவர் குழு, பாராசூட், சிறுவெளியீடு ஆகிய மூன்றுக்குமான பிரெஞ்சுச் சொற்கள் யூவோடு வந்து அப்படியே தங்கிவிட்டன.

த்ஸேவின் கதை தனி. சர்க்கஸ், எண் போன்ற சொற்களின் வேரில் மென் இ, பன்மை ஈற்றில் வன் இ. வேரிலும் வன் இ பெறும் சில சொற்களை ஒரு வேடிக்கை வாக்கியத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள்: நாடோடி ஒருவன் நுனிக்காலில் நின்று கோழிக்குஞ்சை 'உஸ்' என்று அதட்டினானாம். ஆசிரியரிடம் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்லித்தருவார்.

இவற்றைச் சீராக்க 1964-இல் சோவியத் அறிஞர் குழு ஒன்று யோசனை வைத்தது. த்ஸேவுக்குப் பின் எங்கும் மென் இ, பாராசூட்டில் ஊ, முயலுக்கான சொல்லில் யாவுக்குப் பதில் யே, வீண் மென்குறிகளுக்கு விடை. பொதுமக்கள் கேலியும் கோபமுமாக எதிர்த்தார்கள், முயலை வைத்தே ஏகப்பட்ட கிண்டல். திட்டம் கிடப்பில் போனது. என்னைக் கேட்டால், புதியவர்களுக்கு அது நடந்திருக்கலாம்.

படி 7: ஒலியில்லாத குறிகள்

மென்குறிக்குப் பல வேலைகள். முந்தைய மெய்யை மென்மையாக்குவது ஒன்று, அது காதுக்குத் தெரியும். ஷா, ஜே, ச்சே பின்னால் வரும்போது ஒலியில் எந்த மாற்றமும் இல்லை, அது பாலைச் சொல்கிறது. இரவு 'நோச்' பெண்பால், மென்குறி உண்டு. மருத்துவர் 'வ்ராச்' ஆண்பால், கிடையாது. சுண்டெலி பெண்பால், கத்தி ஆண்பால். எனவே சொல்லைக் கற்கும்போதே பாலையும் சேர்த்துக் கற்றால் இந்த விதி இலவசமாகக் கிடைத்துவிடும். 'நீ' என்ற முன்னிலைக்குரிய வினைகளில், ஷா ஒலியோடு முடியும் இடத்தில், எப்போதும் மென்குறி.

எண்களை எழுத்தால் நிரப்பும் படிவங்களில் இது கழுத்தைப் பிடிக்கும். 5 முதல் 20 வரையும், 30-இலும் மென்குறி கடைசியில். 50 முதல் 80 வரையான பத்துகளிலும், 500 முதல் 900 வரையான நூறுகளிலும் நடுவில். 15-இல் கடைசியில், 50-இல் நடுவில் என்று ஒரு ஜோடியை நினைவில் வைத்தால் மற்றவை தானாக வரும்.

வன்குறிக்கு இன்று ஒரே வேலை: முன்னொட்டு மெய்யில் முடிந்து அடுத்து யே, யோ, யூ, யா வந்தால் இரண்டையும் பிரித்து நிறுத்துவது. அது இல்லாவிட்டால் 'சாப்பிட்டு முடித்தல்' 'உட்காருதல்' ஆகிவிடும். அடுக்குமாடி நுழைவாயிலின் பெயரான 'பத்யெஸ்த்', சுவரில் ஒட்டும் அறிவிப்பின் பெயர் இரண்டிலும் அதைத் தினமும் பார்க்கலாம். புரட்சிக் காலத்துச் சீர்திருத்தத்துக்கு (1917–18) முன்பு, மெய்யில் முடியும் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் சும்மா ஒரு வன்குறி உட்கார்ந்திருந்தது. இப்போதும் கொமெர்சாந்த் நாளிதழின் பெயரிலும், பழமை வேடம் போடும் உணவகப் பலகைகளிலும் அந்த வால் தெரியும். பார்த்துக் குழம்ப வேண்டாம், பின்பற்றவும் வேண்டாம்.

படி 8: 'த்ஸ' என்று முடியும் வினைகள்

'அவன் உட்காருகிறான்' என்பதன் வினையும், 'உட்கார' என்ற மூல வடிவமும் ஒரே மாதிரி 'ஸதீத்ஸ' என்று ஒலிக்கும். ஒன்றில் மென்குறி இல்லை, மற்றதில் உண்டு. கேள்வி கேளுங்கள். 'என்ன செய்கிறான்?' என்ற ரஷ்யக் கேள்வியின் முடிவில் மென்குறி இல்லை, எனவே விடையிலும் இல்லை. 'என்ன செய்ய?' என்ற கேள்வியில் உண்டு, எனவே விடையிலும் உண்டு.

இது எளிதுதான். ஆனால் ரஷ்யர்களே கைபேசிச் செய்திகளில் அதிகம் சறுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. 2004-இல் நோவசிபீர்ஸ்க் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய 'ததால்னி திக்தாந்த்' என்ற பொதுச் சொல்வதெழுதுதல் இப்போது ஆண்டுதோறும் பல நாடுகளில் நடக்கிறது. தாய்மொழிக்காரர்களே விரும்பி வந்து உட்கார்ந்து தப்பு விடுகிறார்கள். மொழி கற்போருக்குச் சுலபமான தனித் தேர்வும் வைக்கிறார்கள்.

படி 9: யோவின் இரண்டு புள்ளிகள்

யே எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் யோ. 1783-இல் இளவரசி தாஷ்கவா முன்மொழிந்த எழுத்து, பிறகு எழுத்தாளர் கரம்ஸின் அதைப் பரப்பினார். உல்யானவ்ஸ்க் நகரில் இந்த எழுத்துக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்றாட அச்சில் புள்ளிகளைப் போடுவது கட்டாயமில்லை, போடாமலே விட்டுவிடுவார்கள். 'எல்லாரும்', 'எல்லாம்' இரண்டுக்கும் அந்தப் புள்ளிகள்தான் வேறுபாடு, வாசிப்பவர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும்.

கோர்பச்சேவ், குருஷ்சேவ் விஷயம் இதுதான். உண்மையில் 'கர்பச்சோஃப்', 'க்ருஷ்ஷோஃப்'. புள்ளிகள் உதிர்ந்த வடிவமே உலகம் சுற்றி நம்மிடம் வந்து சேர்ந்தது. நீங்கள் கற்கும் காலத்தில் புள்ளிகளைத் தவறாமல் போடுங்கள். கணினி விசைப்பலகையில் இந்த எழுத்து இடது மேல் மூலையில் ஒதுங்கி இருக்கும், கைபேசியில் யேயை அழுத்திப் பிடித்தால் வரும்.

படி 10: விவாதமில்லாமல் மனப்பாடம்

விதி எட்டாதவை. பெயரடைகளின் உடைமை வேற்றுமை ஈற்றில் க எழுதி வ என்று வாசிப்பது. 'இன்று' என்ற 'ஸிவோத்ன்யா'வும் அதே வகை. 'என்ன' என்பதை ச்சே போட்டு எழுதி 'ஷ்தோ' என்பது. நாய் 'சபாக்கா', முதலில் ஓ, சோதனைச் சொல் கிடையாது. 'கரித்தோர்' (நடைகூடம்) என்பதில் ஒற்றை ர, 'வகுப்பு' என்பதில் இரட்டை எஸ். இப்படிப்பட்ட சொற்களை ரஷ்யப் பள்ளிகளே 'அகராதிச் சொற்கள்' என்று பட்டியல் போட்டுத்தான் கற்பிக்கின்றன. நாளுக்கு ஐந்து போதும், கையால் எழுதிப் பழகுங்கள். மாதங்கள், கிழமைகள், மொழிகளின் பெயர்கள் சிறிய எழுத்தில் தொடங்கும் என்பதையும் இந்தப் பட்டியலில் போட்டுவிடலாம்.

ஒற்றை ன, இரட்டை ன சண்டையையும், 'இல்லை' என்ற சொல்லைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதையும் இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுங்கள். வினையோடு அநேகமாக எப்போதும் பிரித்துத்தான் எழுதுவார்கள், இப்போதைக்கு அது போதும். சந்தேகம் வந்தால் கிராமத்தா.ரூ என்ற இணையதளத்தில் தேடினால் சொல்லின் வடிவம், அழுத்தம் இரண்டும் கிடைக்கும்.

உங்கள் பெயர்

ரஷ்யாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போனால் கடவுச்சீட்டை ரஷ்யத்தில் மொழிபெயர்த்து நோட்டரி சான்று வாங்கச் சொல்வார்கள். அங்கே உங்கள் பெயர் எந்த எழுத்துகளில் விழுகிறது என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். ழகரத்துக்கு அங்கே எழுத்து இல்லை. ஹகரத்துக்கும் நேரான ஒலி இல்லை. பழைய வழக்கத்தில் க போடுவார்கள் (இமயமலை அவர்களுக்கு 'கிமலாயி'), புதிய வழக்கத்தில் ஹா. ஹரி ஓர் ஆவணத்தில் 'கரி'யாகவும் இன்னொன்றில் 'ஹரி'யாகவும் இருந்தால், வங்கியிலும் விடுதிப் பதிவிலும் இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். முதல் மொழிபெயர்ப்பில் வந்த வடிவத்தைப் படம் எடுத்து கைபேசியில் வைத்துக்கொண்டு, பிறகு எந்தப் படிவத்திலும் அதையே எழுத்துக்கு எழுத்து நகல் எடுங்கள்.